கெப் வண்டிக்கு எந்தக் கூடு?

கேள்வி: ஐயா, நான் கந்தப்பளையில் மரக்கறித் தோட்டம் செய்கிறேன். லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு போடுகிறேன். அண்மையில் 2009ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் டபள் கெப் ஒன்று வாங்கினேன். வாரத்தில் நான்கு நாள் நுவரெலியா பொருளாதார மத்திய நிலையத்துக்குச் சரக்கு ஏற்றுகிறேன். ஒருநாள் அங்கே வண்டியை நிறுத்திவிட்டுப் போன நேரத்தில், பின்பெட்டியில் இருந்த இரண்டு உர மூட்டைகளும் மருந்தடிக்கும் டாங்கியும் களவு போய்விட்டன. அதனால் பின்பெட்டியை மேலே மூடி, பூட்டக்கூடிய கூடு ஒன்று போட விரும்புகிறேன். எங்கள் ஊர் வெல்டிங் பட்டறைக்காரர், இரும்புத் தகட்டில், கெபினைவிட ஒன்றரை அடி உயரமாக, மேலே சாமான் வைக்கும் கம்பித் தட்டோடு செய்து தருவதாகச் சொல்கிறார். கொழும்பு பஞ்சிகாவத்தையில் தாழ்வான பைபர் கூடு ஒன்றும் இருக்கிறது. பழையது, ஜப்பானில் இருந்து வந்தது என்கிறார்கள். எதை எடுப்பது? ஆடி மாதத்தில் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு கதிர்காமம் போகும்போது கூட்டுக்குள்ளேயே படுத்துக்கொள்ளலாமா? மழை நாட்களில் பிள்ளைகளும் வேலைக்கு வரும் இருவரும் நனையாமல் பின்னால் உட்கார்ந்து வரவும் கூடு உதவும் என்று நினைக்கிறேன்.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் இருந்தே தொடங்குகிறேன். நீங்கள் அதை ஒரு கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. கூட்டினால் கிடைக்கும் இன்னொரு நன்மையாக எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகளைக் கூட்டுக்குள் ஏற்றாதீர்கள். வேலையாட்களையும் ஏற்றாதீர்கள்.

திறந்த பெட்டியில் உட்கார்ந்து வருபவர் மழையில் நனைவார். விழுந்துவிடும் ஆபத்தும் உண்டு. ஆனால் அவர் சுவாசிப்பது நல்ல காற்று. கூடு போட்டதும் அது மாறிவிடும். ஓடும் வண்டி முன்னால் இருக்கும் காற்றைத் தள்ளிக்கொண்டு போகிறது. அதனால் வண்டியின் முதுகுப்புறத்தில் காற்றழுத்தம் குறைந்து ஒரு சுழற்சி உண்டாகிறது. சைலன்சர் குழாயில் இருந்து வரும் புகை அந்தச் சுழற்சியில் சிக்கி, பின்கதவின் இடுக்கு வழியாகக் கூட்டுக்குள் இழுபடுகிறது. பின்கண்ணாடியைக் காற்றுக்காகக் கொஞ்சம் திறந்து வைத்தால் இன்னும் மோசம். வெளிக்காற்று வருவதற்குப் பதிலாகப் புகைதான் உள்ளே வரும். அந்தப் புகையில் இருக்கும் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. டீசல் இயந்திரத்தில் அது பெற்றோல் இயந்திரத்தை விடக் குறைவுதான். ஆனால் பழைய இயந்திரம், பாரம், ஏற்றம், மூடிய கூடு என்று எல்லாம் சேரும்போது அந்தக் குறைவை நம்பிப் பிள்ளையை உட்கார வைக்க முடியாது.

சில வருடங்களுக்கு முன் ஒருவர் தன் கெப்பை ஹட்டனில் இருக்கும் என் கராஜுக்குக் கொண்டுவந்தார். கூட்டின் பின்கண்ணாடி பூட்டில் விழவில்லை என்பதுதான் அவருடைய முறைப்பாடு. கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார். நான்கு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. கம்பளையில் இருந்து இறம்பொடை ஏற்றம் வழியாக நுவரெலியாவுக்கு வந்து, நானுஓயா, தலவாக்கலை தாண்டி ஹட்டனுக்கு வந்திருந்தார். நான் கூட்டின் உட்கூரையை வெள்ளைத் துணியால் ஒருமுறை துடைத்தேன். துணியில் பதிந்த கரி, அடுப்பங்கரைச் சுவரைத் துடைத்ததுபோல் இருந்தது. அவருடைய மகள் அந்தக் கூட்டுக்குள்தான் பயணம் செய்திருந்தாள். தலை வலிக்கிறது, வயிற்றைப் புரட்டுகிறது என்று வழி நெடுகச் சொல்லியிருக்கிறாள். வளைவு வீதியில் பிள்ளைகளுக்கு வாந்தி வருவது வழக்கம்தானே என்று பெரியவர்கள் தேசிக்காயை முகரக் கொடுத்திருக்கிறார்கள். தலைவலி, குமட்டல், தலைச்சுற்று, தூக்கக் கலக்கம் ஆகியவைதான் புகை நஞ்சேறுவதன் முதல் அறிகுறிகள். மலைநாட்டு வீதியில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தத் துணி இன்னும் என் நினைவில் இருக்கிறது. கூடு போட வருகிறவர்களிடம் எல்லாம் முதலில் அதைத்தான் சொல்கிறேன்.

உங்களிடம் இருப்பது டபள் கெப். கெபினுக்குள் ஐந்து பேர் உட்காரலாம். நீங்கள், இரண்டு பிள்ளைகள், இரண்டு வேலையாட்கள் என்றால் ஐந்து பேர். நீங்கள், மனைவி, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றாலும் ஐந்து பேர். எல்லோரும் ஒரே நாளில் போக வேண்டியிருந்தால் இரண்டு நடையாகப் போங்கள், அல்லது இருவர் பஸ்ஸில் வரட்டும். கூட்டுக்குள் ஏறுவது மரக்கறியும் சாமானும் மட்டுமாக இருக்கட்டும்.

இனி இரும்பா பைபரா என்ற கேள்விக்கு வருகிறேன். என் பதில் தாழ்வான பைபர் கூடு. ஆனால் பஞ்சிகாவத்தையில் உங்களுக்குக் காட்டிய அதே கூடு பொருந்துமா என்பது வேறு கதை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இரும்புக் கூட்டின் பாரத்தை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீற்றர் பரப்பும் 1 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள இரும்புத் தகடு 7.85 கிலோ. கூட்டுக்குப் பொதுவாக 1.2 மில்லிமீற்றர் தகடு போடுவார்கள், அது 9.4 கிலோ வரும். உங்கள் பெட்டியின் நீளமும் அகலமும் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐந்தடி. பட்டறைக்காரர் சொல்லும் உயரத்துக்குக் கூரை, இரு பக்கம், முன், பின் எல்லாம் சேர்த்தால் தகடு மட்டும் 9 சதுர மீற்றர் வேண்டும். அதுவே 85 கிலோ. உள்ளே போடும் பொக்ஸ் பார் சட்டகம், கதவு, கீல், மேலே கம்பித் தட்டு எல்லாம் இன்னும் ஐம்பது கிலோவாவது வரும். ஆக 135 கிலோ. இரண்டரை மூட்டை மரக்கறியை நிரந்தரமாகக் கூரையில் கட்டிக்கொண்டு, வெறும் வண்டியாகப் போகும்போதும் சுமப்பதற்குச் சமம். தாழ்வான பைபர் கூடு பெரும்பாலும் 50 முதல் 80 கிலோவுக்குள் முடிந்துவிடும்.

கிலோக் கணக்கைவிட அந்தப் பாரம் எங்கே இருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. பெட்டியின் தரையில் கிடக்கும் நூறு கிலோ உருளைக்கிழங்கு வண்டியை நிலத்தோடு அழுத்துகிறது. ஆளின் தலைக்கு மேலே இருக்கும் நூறு கிலோ, வளைவு எடுக்கும்போது வண்டியை வெளிப்பக்கம் சாய்க்கிறது. கந்தப்பளையில் இருந்து நுவரெலியாவுக்கு ஒரு நடை போய்வருவதற்குள் எத்தனை வளைவு என்று உங்களுக்குத் தெரியும். அதில் கெபினைவிட ஒன்றரை அடி உயர்ந்த தட்டையான சுவர் மலை இடுக்கில் வரும் காற்றை முழுதாக வாங்கும். கம்பித் தட்டு இருந்தால் அது வெறுமையாக இருக்காது என்பதையும் அனுபவத்தில் சொல்கிறேன். முதலில் ஒரு கயிற்றுச் சுருள், பிறகு ஏணி, பிறகு நான்கு மூட்டை என்று ஏறிக்கொண்டே போகும். தோட்டத்து வீதிகளில் தாழ்ந்து நிற்கும் சவுக்கு மரக் கிளைகளும் தொழிற்சாலை வாசல் வளைவுகளும் வேறு இருக்கின்றன.

இரும்புக்கு இன்னொரு குறையும் உண்டு. இரவில் தகடு குளிர்ந்துவிடும். கழுவிய கரட்டும் லீக்ஸும் உள்ளே இருந்தால் அதன் ஈரம் கூரையில் ஒட்டி, விடியும்போது சொட்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசியில் அங்கே புல்லில் உறைபனி படிகிறது. அப்படிப்பட்ட குளிரில் மூடிய இரும்புப் பெட்டிக்குள் ஈரச் சரக்கை வைத்தால், ஒட்டுப் போட்ட இடங்களின் உட்புறத்தில் துரு பிடிக்க அதிக நாள் ஆகாது. பட்டறைக்காரரின் கைத்திறனை நான் குறை சொல்லவில்லை. அவருக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது, கீழே சொல்கிறேன். சிங்கிள் கெப்பில் சரக்கு மட்டும் ஏற்றி, சமவெளியில் ஓடுகிறவர் கேட்டிருந்தால் இரும்பு போடுங்கள் என்றுகூடச் சொல்லியிருப்பேன். அலுமினியம் இரும்பின் மூன்றில் ஒரு பங்கு பாரம்தான், துருவும் பிடிக்காது. ஆனால் அதைச் சுத்தமாக ஒட்டத் தெரிந்தவர்கள் நம் பக்கத்தில் குறைவு. ஒட்டு விட்டுப்போனால் குலுக்கலில் அந்த இடத்திலேயே பிளந்துவிடும்.

இனி பஞ்சிகாவத்தைக் கூடு. ஜப்பானில் இருந்து வந்தது என்று சொன்னார்கள் அல்லவா? அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்குச் சந்தேகம். டொயோட்டா நிறுவனம் 2004இல் ஜப்பானில் ஹைலக்ஸ் விற்பதை நிறுத்திவிட்டது. மறுபடி அங்கே விற்கத் தொடங்கியது 2017இல். உங்கள் 2009ஆம் ஆண்டு வண்டி, வீகோ என்று நம்மவர்கள் சொல்லும் தலைமுறை. அது தாய்லாந்தில் செய்யப்பட்டது. 2015இல் அடுத்த தலைமுறை வந்து பெட்டியின் அளவும் வடிவமும் மாறிவிட்டன. ஆகவே, அந்தக் கூடு உண்மையிலேயே ஜப்பானில் ஓடிய ஹைலக்ஸின் கூடு என்றால் அது உங்கள் வண்டிக்கு முந்திய தலைமுறைக்கோ பிந்திய தலைமுறைக்கோ உரியது. உங்கள் பெட்டியில் சரியாக உட்காராது. தாய்லாந்தில் இருந்தோ அவுஸ்திரேலியாவில் இருந்தோ வந்ததை, விற்பவர் பழக்கத்தில் ஜப்பான் என்று சொல்லியிருந்தால் பொருந்தலாம். அவரைப் பொய்யர் என்று நினைக்க வேண்டாம். பழைய சாமான் எல்லாமே ஜப்பான் என்றுதான் நம் ஊரில் பெயர் எடுத்திருக்கிறது.

எனவே வாய்ச்சொல்லை விட்டு அளவை நம்புங்கள். போகும் முன் பெரிய அட்டைப் பெட்டிகளை வெட்டி ஒட்டி, பெட்டியின் மேல் விளிம்பை அப்படியே படியெடுத்துக்கொள்ளுங்கள். நான்கு மூலைகளின் வளைவும் அந்த அட்டையில் வர வேண்டும். முன்பக்க அகலம், பின்பக்க அகலம், பக்கவாட்டு நீளம், இரண்டு குறுக்கு மூலைகளின் அளவு ஆகியவற்றை மில்லிமீற்றரில் எழுதுங்கள். விளிம்பில் இருந்து கெபின் கூரை வரைக்குமான உயரமும் வேண்டும். கடையில் கூட்டைத் தரையில் வைத்து அட்டையை அதன் அடியில் போட்டுப் பாருங்கள். ஐந்து மில்லிமீற்றர் வித்தியாசத்தை, கூட்டுக்கும் விளிம்புக்கும் நடுவே போடும் இறப்பர் சமாளிக்கும். இருபது மில்லிமீற்றரைச் சமாளிக்காது. மிட்சுபிஷி எல்200 வைத்திருப்பவர்கள் யாராவது இதை வாசித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2005இல் வந்த அந்த வண்டியில் கெபினும் பெட்டியும் சேரும் கோடு நேராக இல்லாமல் வளைந்து போகிறது. வேறு வண்டியின் கூட்டை வெட்டி அதில் பொருத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அளவு சரி என்றால் கூட்டின் உடல்நிலையைப் பாருங்கள். ஒரு பத்து ரூபாய் நாணயத்தால் கூரை முழுவதும் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல பைபர் 'டிக்' என்று இறுக்கமாகச் சத்தம் தரும். அடுக்கு விட்டுப்போன இடத்தில் சத்தம் மொத்தையாக, காய்ந்த பூசணிக்காயைத் தட்டியதுபோல் கேட்கும். சிலந்திவலைபோல மெல்லிய கீறல்கள் மேல்பூச்சில் இருந்தால் பயப்பட வேண்டாம், அது வெயிலின் வேலை. ஆனால் கீறல், கூட்டைப் பெட்டியோடு இறுக்கும் கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் இருந்து புறப்பட்டு உட்புறமும் தெரிந்தால் விட்டுவிடுங்கள். சின்னச் சேதத்தை இங்கேயே திருத்தலாம். நம் கடலோரத்தில் மீன்பிடிப் படகுகள் பைபரில்தான் செய்யப்படுகின்றன என்பதால் ரெசினுக்கும் பைபர் பாய்க்கும் பஞ்சமில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். வெப்பம் 15 பாகைக்குக் கீழே போனால் அந்த ரெசின் ஒழுங்காக இறுகாது. கந்தப்பளைக் குளிரில் மாலை நேரத்தில் ஒட்டுப் போட்டுவிட்டு மறுநாள் பார்த்தால் பிசின்போலவே இருக்கும். அந்த வேலையைக் கம்பளைப் பக்கம் செய்விப்பது நல்லது.

கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பாருங்கள். வளைந்த பக்கக் கண்ணாடி உடைந்திருந்தால் அதே வடிவில் இன்னொன்று கிடைக்காது. உங்கள் வேலைக்குப் பக்கக் கண்ணாடி மேல்நோக்கித் திறப்பதாக இருந்தால் மிக நல்லது. தாழ்வான கூட்டுக்குள், பெட்டியின் முன்மூலையில் இருக்கும் லீக்ஸ் கட்டை எடுக்க நீங்கள் தவழ்ந்து போக வேண்டியிருக்கும். பக்கத்தில் திறந்தால் நின்றபடியே எடுக்கலாம். வாரம் நான்கு நாள் அந்த வேலையைச் செய்கிற உங்கள் முதுகுக்கு அது பெரிய உபகாரம். பின்கண்ணாடியைத் தூக்கி நிறுத்தும் காஸ் தண்டுகளைக் கொழும்பு வெயிலில் சோதித்துவிட்டு நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். குளிரில் உள்ளே இருக்கும் காஸின் அழுத்தம் குறையும். கொழும்பில் கண்ணாடியை மெதுவாகத் தாங்குகிற தண்டு, இங்கே அதிகாலை நான்கு மணிக்குச் சரக்கேற்றும்போது அதை உங்கள் தலையில் இறக்கும். தண்டு புதிதாக வாங்கக் காசை ஒதுக்கி வையுங்கள்.

பொருத்தும் வேலையில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று இருக்கிறது. பெட்டியின் விளிம்பில் துளை போடாதீர்கள். விளிம்பின் உட்புறத்தைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப்கள் போதும், ஒரு பக்கத்துக்குக் குறைந்தது மூன்று இருக்கட்டும். ஆறு வருடம் ஓடிய ஒரு வண்டியின் கூட்டை ஒருமுறை கழற்றினேன். வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்தது. இறப்பரை உரித்ததும் எட்டு இடத்தில் ஆணி போட்ட துளைகள். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் தகடு பிஸ்கட்போல உதிர்ந்தது. ஒன்றில் என் சுண்டுவிரல் உள்ளே போய்விட்டது. அந்த விளிம்பை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து முடிக்க, கூட்டின் விலையை விட அதிகம் செலவானது. பெட்டிக்குப் போட்டிருக்கும் பிளாஸ்டிக் உறை விளிம்பின் மேலே ஏறி உட்கார்ந்திருந்தால் அதை வெட்டி இறக்கிய பிறகுதான் கூட்டை வைக்க வேண்டும். பிளாஸ்டிக்கின் மேல் கிளாம்ப் பிடித்தால் அது வழுக்கும், இறப்பரும் அமராது. முதல் நூறு கிலோமீற்றரில் ஒருமுறையும் ஐந்நூறில் ஒருமுறையும் கிளாம்ப்களை இறுக்குங்கள். தோட்டத்துக் கல்வீதியில் ஓடுகிற வண்டிக்கு மாதம் ஒருமுறை.

ஒழுக்குப் பார்க்க எளிய வழி, பெட்டிக்குள் பழைய செய்தித்தாள்களை விரித்துவிட்டுக் கூட்டைப் பூட்டி, குழாய்த் தண்ணீரைக் கால் மணி நேரம் அடியுங்கள். நனைந்த எழுத்து எந்த மூலை என்று சொல்லிவிடும். பெரும்பாலும் அது கெபினை ஒட்டிய முன்மூலையாக இருக்கும். காற்றோட்டத்துக்குக் கூரையில் ஒரு சிறு காற்றுத்துளை மூடியோடு இருக்க வேண்டும். இருபக்கமும் கொசுவலை போட்ட சறுக்குக் கண்ணாடி இருந்தால் சரக்கு புழுங்காது. கெபினின் பின்னால் உயரத்தில் பிரேக் விளக்கு இருந்தால் கூடு அதை மறைத்துவிடும். அதே இணைப்பில் கூட்டின் பின்புறம் ஒரு விளக்கு கட்டாயம் வேண்டும். பனிமூட்டத்தில் பின்னால் வரும் பஸ் சாரதிக்கு உங்களைக் காட்டுவது அதுதான்.

பாரம் ஏறுகிறதே என்று பின்னால் ஸ்பிரிங் பட்டை ஒன்று கூடுதலாகப் போடச் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். பல ஹைலக்ஸ் வண்டிகளில் பின் அச்சுக்கும் சட்டகத்துக்கும் நடுவே மெல்லிய தண்டோடு ஒரு சிறு வால்வு இருக்கும். பாரத்தில் வண்டி தாழும்போது அது பின்சில்லுகளுக்குக் கூடுதல் பிரேக் அழுத்தம் விடும். வெறும் வண்டி உயர்ந்து நிற்கும்போது குறைக்கும். நீங்கள் பட்டை போட்டு வண்டியை உயர்த்தினால், பாரம் இருக்கும்போதும் வண்டி வெறுமையாக இருக்கிறது என்று அந்த வால்வு எண்ணிக்கொள்ளும். பின் பிரேக் பிடிக்க வேண்டிய இறக்கத்தில் பிடிக்காது. பட்டை போட்டே ஆக வேண்டும் என்றால் அந்த வால்வைத் திரும்பச் சரிசெய்யத் தெரிந்தவரிடம் போடுங்கள். பட்டை போட்டதால் வண்டியின் அனுமதிக்கப்பட்ட சுமை ஒரு கிலோகூடக் கூடுவதில்லை. அந்தச் சுமைக்குள் கூட்டின் பாரமும் கெபினில் இருப்பவர்களின் பாரமும் அடங்கும் என்பதைச் சரக்கேற்றும்போது நினைவில் வையுங்கள்.

படுப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஐந்து பேர் படுக்க முடியாது. இருவர் படுக்கலாம், அதற்கும் கொஞ்சம் வேலை இருக்கிறது. பெட்டியின் நீளம் ஐந்தடிதான், சில்லு மேடுகளுக்கு நடுவே அகலம் மூன்றரை அடிதான். கால் நீட்ட வேண்டுமென்றால் பின்பலகையைக் கீழே விட வேண்டும். பின்பலகையை விட்டால் கண்ணாடி மூடினாலும் அடியில் ஏறக்குறைய ஒன்றரை அடி திறந்தே கிடக்கும். கூட்டில் படுக்க நினைக்கும் பலர் வாங்கிய பிறகுதான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். இங்கேதான் உங்கள் பட்டறைக்காரருக்கு வேலை. சில்லு மேடுகளின் உயரத்துக்கு ஒரு இலகுவான சட்டகம் செய்யச் சொல்லுங்கள். மேலே 12 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை. பின்பக்கம் ஒன்றரை அடி கீலில் மடங்கி, பின்பலகையின் மேல் விரிய வேண்டும். பலகைக்கு அடியில் சாமான் வைக்கலாம். முழுச் சட்டகமும் நான்கு ஆணியில் கழன்று வந்தால்தான் திங்கட்கிழமை மரக்கறி ஏற்ற முடியும். தூக்கி நிறுத்திய பின்கண்ணாடி தாழ்வாரம்போல நிற்கும். அதன் விளிம்பில் இருந்து படங்கை மூன்று பக்கமும் தொங்கவிட்டுக் கட்டினால் மறைப்பாகிவிடும். கொழுந்து பறிக்கும் நம் பெண்கள் இடுப்பில் கட்டும் அதே படங்குச் சீலை போதும். மழைக்கு அதைவிடச் சோதித்துப் பார்த்த துணி மலைநாட்டில் எது?

படுத்திருக்கும்போது காற்றுத்துளையையும் இருபக்கக் கண்ணாடியையும் கொஞ்சம் திறந்தே வையுங்கள். இருவர் மூச்சுவிடும் ஈரம் காலையில் கூரையில் இருந்து போர்வையில் சொட்டும். இயந்திரத்தை ஓடவிட்டுக்கொண்டு படுக்க வேண்டாம். கரிச் சட்டி, காஸ் அடுப்பு எதையும் உள்ளே வைக்க வேண்டாம். தேநீர் போடுவதாக இருந்தால் வெளியே போடுங்கள். மேலே சொன்ன அதே நஞ்சு அடுப்பில் இருந்தும் வரும், தூங்குகிறவரை அது எழுப்பாது. அம்மாவுக்கு மட்டும் கதிர்காமத்தில் ஓர் அறை எடுத்துவிடுங்கள். பெட்டிக்குள் குனிந்து ஏறி இறங்குவது முழங்கால் வலி உள்ள வயதில் முடியாத காரியம்.

வழியைப் பற்றி ஒன்று. வெலிமடை, பண்டாரவளை தாண்டி எல்லவில் இருந்து வெல்லவாய வரை ஏறத்தாழ முப்பது கிலோமீற்றருக்குள் மலையில் இருந்து சமவெளிக்கு இறங்கிவிடுவீர்கள். ஐந்து பேரும் சாமானும் கூடும் சேர்ந்த வண்டியை அந்த இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி விடாதீர்கள். ஏறுவதற்கு எந்தக் கியரோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக் வாசனை வந்தால் ஓரம் கட்டி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். கீழே இறங்கியதும் வெயில் வேறு. காலையில் குளிருக்கு மூடி வைத்த கூடு நண்பகலில் அடுப்பாகிவிடும், எண்ணெயும் அரிசியும் தவிர மற்றச் சாப்பாட்டுச் சாமான்களைக் கெபினுக்குள் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டை வாங்கும் முன், பதிவுச் சான்றிதழின் பிரதியையும் கூட்டின் புகைப்படத்தையும் எடுத்துக்கொண்டு இரண்டு இடத்தில் கேளுங்கள். ஒன்று மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம், மாற்றத்தைப் பதிய வேண்டுமா என்று. மற்றது உங்கள் காப்புறுதி நிறுவனம். காப்புறுதிக்காரர் வாயால் சரி என்று சொன்னால் போதாது, கடிதமாக வாங்குங்கள். கூட்டையும் காப்புறுதியில் சேர்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விபத்தில் அதற்கு ஒன்றும் கிடைக்காது.

பஞ்சிகாவத்தைக்கு ஒரு வார நாளில், காலையிலேயே போங்கள். அட்டை அச்சு, அளவு நாடா, நாணயம், ஒரு வெள்ளைத் துணி. கூட்டின் உட்கூரையைத் துடைத்துப் பாருங்கள். கரி ஒட்டினால் அதன் பின்கதவு பல காலம் சரியாக மூடாமல் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். கீலையும் பூட்டையும் இன்னொரு முறை பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.